டெஸ்ஃபெராலும் சூடோமோனஸும்: இரும்பைக் கட்டும் நுண்ணுயிர்ப் பொருள் செல்லைக் காக்குமா, கெடுக்குமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் மகனுக்கு 11 வயது, தலசீமியா மேஜர். மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம், ராத்திரியில் பம்ப் வைத்து டெஸ்ஃபெரால் போடுகிறோம். அது மண்ணில் வாழும் பாக்டீரியா சுரக்கும் பொருள் என்று படித்தேன். அதே வகைப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து நுரையீரல் செல்களை ஆக்சிஜனேற்றத்தால் சிதைக்கின்றன என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. எது சரி? கூடவே வைட்டமின் சி கொடுத்தால் பாதுகாப்பா?"

நீங்கள் படித்த இரண்டுமே சரிதான். ஆனால் உங்கள் மகனின் உடலில் தேங்கும் இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஸ்ஃபெரால், செல்லைக் காக்கிற பக்கத்தில் நிற்கிறது. இன்று ராத்திரியும் வழக்கம்போல் பம்பை மாட்டுங்கள். மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுத்த காலத்தில், இதே குழப்பத்தோடு என்னிடம் வந்த பெற்றோர் உண்டு. பயத்தில் இரண்டு வாரம் ஊசியை நிறுத்திவிட்டு வந்தவர்களும் உண்டு. அதனால்தான் முடிவை முதலில் சொன்னேன். காரணத்தை இனி நிதானமாகப் பார்ப்போம்.

இரும்பு ஃபெரஸ், ஃபெரிக் என்ற இரண்டு நிலைகளுக்கு இடையே போய்வரக்கூடியது. ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் ஃபெரஸ் ஃபெரிக் ஆகும், வாங்கினால் ஃபெரிக் மறுபடி ஃபெரஸ் ஆகும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதற்கும் மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிப்பதற்கும் இரும்பின் இந்தக் குணம் வேண்டும். ஆபத்தும் இதிலேயேதான் இருக்கிறது. 1894இல் ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலர், டார்ட்டாரிக் அமிலத்தில் (நம் புளியின் புளிப்புக்குக் காரணமானது அதுதான்) ஹைட்ரஜன் பெராக்சைடையும் துளியளவு ஃபெரஸ் உப்பையும் சேர்த்தபோது அமிலம் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைவதை எழுதிவைத்தார். இரும்பு இல்லாவிட்டால் பெராக்சைடு அதை அப்படித் தாக்காது. இதன் பொருள் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. ஃபெரஸ் இரும்பு பெராக்சைடை உடைக்கும்போது ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற ஒன்று பிறக்கிறது. உயிரணுக்களுக்குள் உண்டாகும் பொருள்களில் இதைவிட மூர்க்கமானது அரிது. கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று எது கைக்கு எட்டுகிறதோ அதைத் தாக்கும்.

அதன் ஆயுள் ஒரு நானோ செகண்ட் அளவுதான். பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டருக்கு மேல் நகர முடியாது. ஆகவே இரும்பு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ, அடியும் அந்த இடத்தில்தான் விழும். டி.என்.ஏ.வில் ஒட்டிய இரும்பு டி.என்.ஏ.வை வெட்டும், சவ்வில் ஒட்டியது சவ்வின் கொழுப்பைக் காறவைக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு முறை வினை நடந்ததும் ஃபெரஸ் ஃபெரிக் ஆகிவிடுமே, அதோடு கதை முடியாதா? முடியாது. ஆக்சிஜனிலிருந்து செல்லில் உண்டாகும் சூப்பராக்சைடு, வைட்டமின் சி, இன்னும் செல்லுக்குள் இருக்கும் பல ஒடுக்கும் பொருள்கள் ஃபெரிக்குக்கு எலக்ட்ரான் கொடுத்து ஃபெரஸாகத் திருப்பிவிடும். செக்கு மாடு மாதிரி அதே இரும்பு சுற்றிச் சுற்றி வந்து ராடிக்கல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

இதனால்தான் உடல் இரும்பைத் தனியாக உலவவிடுவதில்லை. பெரியவர் ஒருவர் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினுக்குள் இருக்கும், மிச்சத்தில் பெரும்பகுதி ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் இருக்கும். ரத்தத்தில் பயணிக்கும் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் சுமக்கிறது. நலமாக உள்ளவரிடம் டிரான்ஸ்ஃபெரினில் மூன்றில் ஒரு பங்கு இடமே நிரம்பியிருக்கும், மற்றதெல்லாம் காலி. இந்தக் காவலின் விளைவாக, ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் எதனோடும் சேராத ஃபெரிக் அயனி ஒன்று இருந்தாலே அதிகம்!

உங்கள் மகனுக்கு ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்தோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. உடலோ நாளுக்கு 1 அல்லது 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பை இழப்பதில்லை, கூடுதலை வெளியே தள்ள அதற்கு வழியும் கிடையாது. சில வருடங்களில் டிரான்ஸ்ஃபெரின் நிரம்பி வழியும். வழிந்த இரும்பு இதயத் தசைக்குள், கால்சியம் போகவேண்டிய வாசல் வழியாகவே நுழைந்துவிடுகிறது. தலசீமியாவில் இதயத்தையும் கல்லீரலையும் ஹார்மோன் சுரப்பிகளையும் கெடுப்பது இந்த இரும்புதான்.

இனி பாக்டீரியா பக்கம் வருவோம். அதற்கும் இரும்பு வேண்டும், நம் உடலும் மண்ணும் அதை எளிதில் விட்டுத்தருவதில்லை. மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அத்தனையும் துருவாக, நீரில் கரையாமல் கிடக்கிறது. அதற்காக நுண்ணுயிர்கள் சிறு மூலக்கூறுகளைத் தயாரித்து வெளியே அனுப்புகின்றன. அவை போய் ஃபெரிக் இரும்பைக் கவ்விக்கொண்டு வருகின்றன. கிரேக்கத்தில் 'இரும்பு சுமப்பது' என்று பொருள்படும் சைடரோஃபோர் என்ற பெயர் அப்படி வந்தது. நம் பாடநூல்களில் இப்படிக் கவ்வுவதற்கு 'கொடுக்கிணைப்பு' என்று பெயர். நண்டு கொடுக்கால் பிடிப்பதை நினைத்து வைத்த சொல், எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று. ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்கும் 'கிலேஷன்' என்பதும் அதுவேதான்.

அந்தப் பிடியின் வலு நம்பமுடியாதது. குடலில் வாழும் ஈ. கோலை சுரக்கும் என்டரோபாக்டின் 1970இல் கண்டறியப்பட்டது. ஃபெரிக் இரும்போடு அதன் பிணைப்பு மாறிலி (பிடியின் வலுவைச் சொல்லும் எண்) ஏறக்குறைய 10-இன் 49ஆம் அடுக்கு. டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே அது இரும்பைப் பறித்துக்கொள்ளும். உங்கள் வீட்டு டெஸ்ஃபெராலில் உள்ள மருந்தான டெஸ்ஃபெராக்சமினுக்கு அந்த எண் சுமார் 10-இன் 30ஆம் அடுக்கு, அதுவும் அசுரப் பிடிதான்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இரும்பு அயனியைச் சுற்றி மற்ற அணுக்கள் வந்து உட்கார வழக்கமாக ஆறு இடங்கள் உண்டு. பெராக்சைடு அதனோடு வினைபுரிய அந்த ஆறில் ஓர் இடமாவது திறந்திருக்க வேண்டும், அல்லது சட்டென்று எழுந்து வழிவிடும் ஒரு தண்ணீர் மூலக்கூறாவது அங்கே இருக்க வேண்டும். ஆறையும் ஒரே மூலக்கூறு இறுக்கி மூடிவிட்டால் பெராக்சைடுக்கு நுழைய இடமில்லை. ஓரிடம் விட்டுப்போனாலும் வினை நடக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ரத்த அணுக்களை எண்ண மாதிரி எடுக்கும்போது ஊதா மூடி போட்ட குழாயில் பிடிப்பார்கள் அல்லவா? அதற்குள் இருப்பது ஈ.டி.டி.ஏ. அதுவும் உலோகங்களைக் கவ்வும், இரும்பையும் நன்றாகவே கவ்வும். ஆனால் அது பிடித்த பிறகும் இரும்பின் மேல் ஒரு தண்ணீர் மூலக்கூறுக்கு இடம் இருக்கும். அதனால் ஈ.டி.டி.ஏ. பிடித்த இரும்பு ஃபென்டன் வினையைத் தடுப்பதில்லை, இரும்பைக் கரைசலில் வைத்திருப்பதால் பல சோதனைகளில் அதை வேகப்படுத்தவே செய்கிறது. 1984இல் எர்ன்ஸ்ட் கிராஃபும் உடன் பணியாற்றியவர்களும் பல பிடிப்பான்களை வரிசையாக வைத்துச் சோதித்தபோது, காலி இடம் இருக்கிறதா இல்லையா என்பதே ராடிக்கல் பிறப்பதைத் தீர்மானித்தது. டெஸ்ஃபெராக்சமின் ஆறு இடங்களையும் மூடுகிற வகை. அதற்கும் முன்பே, 1979இல், கட்டரிட்ஜும் ஹாலிவெலும் டெஸ்ஃபெராக்சமின் சேர்த்தால் இரும்பால் நடக்கும் கொழுப்புச் சிதைவும் ராடிக்கல் உற்பத்தியும் அடங்கிவிடுவதைக் காட்டியிருந்தார்கள்.

இடத்தை மூடுவதோடு இன்னொன்றும் நடக்கிறது. சைடரோஃபோருக்குப் பிடித்தமானது ஃபெரிக் நிலைதான், ஃபெரஸை அது அவ்வளவாகச் சீண்டுவதில்லை. எனவே அதன் பிடியில் உள்ள ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றுவது மிகக் கடினம். எண்ணில் சொன்னால், செல்லின் முக்கியமான எலக்ட்ரான் கொடையாளியான என்.ஏ.டி.பி.ஹெச்.சின் ஒடுக்க மின்னழுத்தம் மைனஸ் 320 மில்லிவோல்ட் (இந்த எண் எவ்வளவு கீழே போகிறதோ, எலக்ட்ரானை ஏற்றுவது அவ்வளவு கடினம்). டெஸ்ஃபெராக்சமின் பிடித்த இரும்புக்கு அது சுமார் மைனஸ் 450, என்டரோபாக்டின் பிடித்ததற்குச் சுமார் மைனஸ் 750. கிணற்றுக் கயிறு நீரை எட்டாத கதைதான். இரும்பு ஃபெரிக்காகவே உறைந்து நிற்கும், செக்கு சுற்றாது. இந்தப் பிடியிலிருந்து இரும்பை எடுக்க ஈ. கோலையே சிரமப்படுகிறது. என்டரோபாக்டினை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு, அந்த மூலக்கூறையே ஒரு நொதியால் வெட்டினால்தான் அதற்கு இரும்பு கிடைக்கிறது. ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு மூலக்கூறு பலி!

அப்படியானால் நுரையீரலைச் சிதைப்பது எது? நீங்கள் படித்தது அநேகமாக சூடோமோனஸ் ஏருஜினோசா பற்றியதாக இருக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோய்) உள்ளவர்களின் நுரையீரலில் வருடக்கணக்கில் தங்கிவிடும் பாக்டீரியா அது. அது இரண்டு சைடரோஃபோர்களைச் சுரக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஒன்று பையோவெர்டின், ஆறு இடங்களையும் மூடி இறுக்கிப் பிடிப்பது. மற்றது பையோகெலின், சின்ன மூலக்கூறு, நான்கு இடங்களைத்தான் மூடும், பிடியும் தளர்ந்தது. 1990இல் ஓர் ஆய்வில் இரண்டையும் தனித்தனியே இரும்பேற்றி, சூப்பராக்சைடும் பெராக்சைடும் உண்டாகும் கரைசலில் சேர்த்துப் பார்த்தார்கள். பையோகெலின் இருந்த இடத்தில் ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறந்தது, பையோவெர்டின் இருந்த இடத்தில் பிறக்கவில்லை. கரைசலுக்குப் பதில் தூண்டிவிட்ட நியூட்ரோஃபில்களை, அதாவது கிருமியைத் தாக்கும் நம் வெள்ளணுக்களை, வைத்துப் பார்த்தபோதும் முடிவு அதேதான். ஒரே பாக்டீரியா சுரப்பது, ஒரே உலோகம், வித்தியாசம் பிடிக்கிற விதத்தில் மட்டும். 'சைடரோஃபோர் நல்லதா கெட்டதா' என்று பொதுவாகக் கேட்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

அதே ஆய்வாளர்கள் இரண்டு வருடம் கழித்து ஒன்று செய்தார்கள். சூடோமோனஸ் பையோசயனின் என்ற நீல நிறமியையும் சுரக்கும். சீழுக்கு நீலப்பச்சை நிறம் தருவது அது. செல்லுக்குள் போய் சூப்பராக்சைடையும் பெராக்சைடையும் உண்டாக்குவது அதன் வேலை. நுரையீரல் தமனியின் உட்சுவர் செல்களில் பையோசயனினையும் இரும்பேற்றிய பையோகெலினையும் சேர்த்து வைத்தபோது, தனித்தனியாக வைத்ததைக் காட்டிலும் சேதம் பல மடங்கு கூடியது. ஒன்று பெராக்சைடைக் கொண்டுவந்து தருகிறது, மற்றது இரும்பைக் கொண்டுவருகிறது. ராடிக்கல் பிறந்த இடத்திலேயே அடிக்கும் என்று முன்னே சொன்னேன் அல்லவா? பையோகெலின் கொழுப்பில் ஒட்டும் தன்மை கொண்டது. இரும்பை செல்லின் சவ்வருகே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

நம்மோடு மட்டுமல்ல, பாக்டீரியாக்கள் தங்களுக்குள்ளும் இந்தச் சண்டையைப் போடுகின்றன. பையோகெலின் மற்ற பாக்டீரியாக்களுக்கும் விஷம், அவற்றுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டும். 2012இல் வெளியான ஒரு ஆய்வில், என்டரோபாக்டின் தயாரிக்கும் ஈ. கோலை இந்த விஷத்தைத் தாங்கியது, தயாரிக்க முடியாத ஈ. கோலை திணறியது. என்டரோபாக்டினில் உள்ள கேட்டகால் வளையங்கள் ராடிக்கல்களைத் தாமே வாங்கி அணைத்துவிடக்கூடியவை என்பதால், இரும்பு தேடுவதைத் தவிரவும் அதற்கு ஒரு காவல் வேலை இருக்கிறது. சால்மொனெல்லாவிலும் இதேபோல் கண்டிருக்கிறார்கள். பூஞ்சைகளில் இது இன்னும் சுவையானது. ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் ஃபெரிக்ரோசின் என்ற சைடரோஃபோரை வெளியே அனுப்பாமல் தன் செல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இரும்பைப் பத்திரப்படுத்துகிறது, நமக்கு ஃபெரிட்டின் மாதிரி. அந்த மரபணுவை நீக்கினால் பூஞ்சையின் ஆக்சிஜனேற்றத் தாங்குதிறன் குறைகிறது.

நம் பாதுகாப்புப் படையை என்டரோபாக்டின் குழப்புவதும் இந்த வழியில்தான். நியூட்ரோஃபில்கள் மயலோபெராக்சிடேஸ் என்ற நொதியால் பெராக்சைடைப் பயன்படுத்தி, பிளீச்சிங் திரவத்தில் உள்ளதைப் போன்ற ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தயாரித்துக் கிருமியைக் கொல்கின்றன. என்டரோபாக்டின் அந்த நொதியையே முடக்கும். பதிலுக்கு நம் உடல் லிப்போகேலின் 2 என்ற புரதத்தை அனுப்பி என்டரோபாக்டினைப் பிடித்துக்கொள்கிறது. சில கிருமிகள் அதற்கும் ஒரு படி மேலே போய், என்டரோபாக்டினில் குளுக்கோஸை ஒட்டி லிப்போகேலினின் பிடிக்குள் அடங்காமல் செய்துவிடுகின்றன.

இறுக்கிப் பிடிப்பது எல்லாமே செல்லுக்கு நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. ராடிக்கல் உண்டாக்காத அதே பையோவெர்டின், சிறு புழு ஒன்றில் நடந்த ஆய்வில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தே இரும்பை உருவி அதைச் சேதப்படுத்தியது. வேண்டிய இரும்பையும் சேர்த்து எடுத்துவிட்டால் செல் வேறு வழியில் பட்டினி கிடக்கும். உங்கள் மகனின் ஃபெரிட்டினை மருத்துவர் தவறாமல் பார்ப்பதும், காது கேட்கும் திறனையும் கண்ணையும் வளர்ச்சியையும் சோதிப்பதும் இதற்காகவே. இரும்பு குறைந்த பிறகும் அதிக அளவில் டெஸ்ஃபெரால் போனால் அவை பாதிக்கப்படலாம். அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

டெஸ்ஃபெரால் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது எப்போதும் ஆச்சரியம். ஸ்ட்ரெப்டோமைசஸ் என்பது மண்ணில் வாழும் பாக்டீரியாக் குடும்பம். முதல் மழைக்கு எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினைத் தயாரிப்பவை அவையே. அந்தக் குடும்பத்தின் ஸ்ட்ரெப்டோமைசஸ் பைலோசஸிலிருந்து, 1960 வாக்கில் சுவிட்சர்லாந்தில் புதிய நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் இரும்போடு சேர்ந்த ஒரு செந்நிறப் பொருளைப் பிரித்தார்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கு ஊசியாகுமா என்று பார்த்தார்கள். உடல் அதிலிருந்து இரும்பை எடுத்துக்கொள்ளவே இல்லை, அப்படியே சிறுநீரில் வந்துவிட்டது. இரும்பை நீக்கிய வெறும் மூலக்கூறைக் கொடுத்தால், அது உள்ளே போய் இரும்பைக் கவ்விக்கொண்டு வெளியே வருமே என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. உங்கள் மகனின் சிறுநீர் சில காலைகளில் சிவந்து போகிறதே, இரும்போடு வெளியேறும் அந்த மூலக்கூறின் நிறம்தான் அது.

1 கிராம் டெஸ்ஃபெராக்சமின் அதிகபட்சம் 85 மில்லிகிராம் இரும்பைத்தான் பிடிக்க முடியும். ரத்தத்தில் அது நீடிப்பது நிமிடக் கணக்கில்தான். ஒரே ஊசியாகப் போட்டுவிட்டால் வந்த வேகத்தில் போய்விடும், தளர்ந்த இரும்போ மறுபடி ஊறி வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் 8 முதல் 12 மணிநேரம் சொட்டுச் சொட்டாகப் பம்ப். வாரத்தில் எத்தனை இரவு விட்டுப்போகிறதோ, அத்தனை இரவு இதயம் காவலில்லாமல் இருக்கிறது. குழந்தை அழுகிற இரவுகளில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முடியவே இல்லையென்றால் விழுங்கும் மருந்துகள் (டெஃபரசிராக்ஸ், டெஃபரிப்ரோன்) பற்றி மருத்துவரிடம் பேசுங்கள், ஊசியை மௌனமாக விட்டுவிடாதீர்கள்.

உண்மையில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து வேறொன்று இருக்கிறது. டெஸ்ஃபெராக்சமின் நம் செல்களுக்கு இரும்பைத் தருவதில்லை, ஆனால் சில கிருமிகளுக்குத் தரும். அடுத்தவர் சுட்ட தோசையைச் சாப்பிடுகிற மாதிரி, தாம் தயாரிக்காத சைடரோஃபோரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல்கள் அவற்றுக்கு உண்டு. யெர்சினியா என்டரோகோலிட்டிகா என்ற குடல் பாக்டீரியா அதில் முக்கியமானது. ரைசோபஸ் பூஞ்சையும் அப்படியே; 2021இல் கொரோனாவுக்குப் பின் 'கருப்புப் பூஞ்சை' என்று நாம் பயந்தோமே, அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சைகளில் ஒன்று. ஆகவே மகனுக்குக் காய்ச்சலோடு வயிற்றுவலியோ வயிற்றுப்போக்கோ வந்தால், அன்று டெஸ்ஃபெராலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். யெர்சினியா இல்லை என்று அவர் உறுதி செய்த பிறகு தொடரலாம். நான் பம்பை நிறுத்தச் சொல்வது இந்த ஒரு சூழலில் மட்டும்தான்.

கடைசியாக வைட்டமின் சி. ஆன்டி ஆக்சிடன்ட் என்பதால் கூடுதலாகக் கொடுத்தால் நல்லதுதானே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் முன்னே சொன்ன செக்கை யோசித்துப் பாருங்கள். ஃபெரிக்கை ஃபெரஸாகத் திருப்புகிற பொருள்களில் வைட்டமின் சியும் ஒன்று. இரும்பு தளர்ந்து கிடக்கிற உடலில் அதை அள்ளிக் கொடுத்தால் செக்கை நாமே ஓட்டுகிறோம், கூடவே சேமிப்பில் உறங்கும் இரும்பையும் எழுப்பிவிடுகிறோம். அதிக அளவு வைட்டமின் சி எடுத்த தலசீமியா நோயாளிகளின் இதயம் பாதிக்கப்பட்டது மருத்துவப் பதிவில் இருக்கிறது. சிறிய அளவில் அதற்கு ஒரு பயனும் உண்டு. எழுந்து வரும் இரும்பைப் பிடிக்க அதே நேரத்தில் டெஸ்ஃபெராக்சமின் ரத்தத்தில் இருந்தால் கூடுதல் இரும்பு வெளியேறும். அதனால் மருத்துவர்கள், ஊசி மருந்து பழகிய சில வாரங்களுக்குப் பிறகு, உடல் எடையில் கிலோவுக்கு 2 அல்லது 3 மில்லிகிராம் கணக்கில், பம்ப் ஓடத் தொடங்கும் நேரத்தில் மட்டும் கொடுப்பார்கள். எலுமிச்சை, நெல்லி, கொய்யா எல்லாம் சாப்பாட்டில் வழக்கமாக வரும் அளவுக்கு இருக்கட்டும். கடையில் விற்கும் 500 மில்லிகிராம் சப்பும் மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள், வீட்டில் வாங்கி வைத்திருந்தால் பையன் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.